புதுப்பிப்பு: லொறியின் உள்சில்லில் காற்று இறங்கிய கதை

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் ஓடும் என் லொறியின் பின்பக்க இரட்டைச் சில்லில் உள்ளே இருக்கும் சில்லின் காற்றழுத்தம், இரண்டு நாளில் 100 பிஎஸ்ஐயில் இருந்து 85க்கு இறங்குகிறது. டியூப்லெஸ் டயர், இரும்பு ரிம், ஆணி எதுவும் ஏறவில்லை. பாதிப் பேர் வால்வு என்றீர்கள். மாற்றினேன். அதன் ரப்பர் வளையம் கீறல் விட்டுத்தான் இருந்தது, ஆனாலும் காற்று நிற்கவில்லை.

முதலில் அளக்கும் முறையைத் திருத்தினேன். ஓடி வந்த சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். காலையில் லொறி அசைய முன் அளக்க வேண்டும். அப்புறம் சில்லைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரை டயர் விளிம்போடு நிறுத்தாமல் ரிம் முழுக்கப் பூசினேன். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு, அச்சில் பூட்டும் நடுத்தட்டை ரிம்மோடு ஒட்டிய வெல்டிங் ஓரத்தில் கடுகளவு நுரை. பெயின்ட் மேல் மெல்லிய கறள் கோடு; ரிம் அங்கேதான் கீறல் விட்டிருந்தது. ஊத்தை என்று நினைத்து அந்தக் கோட்டை எத்தனை தடவை கழுவியிருப்பேன்!

"அண்ணை, ஒரு பொட்டு வெல்டிங் வைச்சா சரி" என்றார் டயர்க்கடைத் தம்பி. வேண்டாம் என்றேன். கீறல் விட்ட ரிம்மை ஒட்டி மறுபடி நம்ப முடியாது. டயர் பூட்டியபடி சூடு வைத்தால் டயரே வெடித்து ஆளைக் கொல்லும். வேறு ஆரும் எடுத்துப் பூட்டாதபடி ரிம்மை வெட்டி, பழைய இரும்புக்குப் போட்டேன்.

புது ரிம் பூட்டி ஒன்பது நாள். இன்று காலையும் 100.