பிள்ளைகள் கேம்ப், கால்பந்து: வரிசையை ஒழியுங்கள், கொக்கைக் கூப்பிடுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

கேம்ப் முடிந்த கையோடு எழுத நினைத்தது, இப்போதுதான் நேரம் வாய்த்தது. அடுத்த தடவை கால்பந்தை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டு மூன்று மடல் வந்துவிட்டது, ஒருவரும் வாய் திறக்கக் காணோம். "எனக்கு ஆட்டம் தெரியாதே" என்பதுதான் பாதிப் பேரின் தயக்கம் என்று நினைக்கிறேன். நானும் அப்படி ஒன்றும் பெரிய ஆட்டக்காரி இல்லை. கல்லூரி அணியில் மூன்று வருடம் டிஃபென்ஸில், அதாவது எதிரணி கோல் போடாமல் தடுக்கிற பின்வரிசையில், நின்றவள், அதற்கப்புறம் பந்தைத் தொட்டதே இல்லை. வர வேண்டியவர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போனதால் விசில் என் கழுத்தில் விழுந்தது. அந்த ஐந்து நாளில் சொதப்பியதையும் தேறியதையும் எழுதி வைக்கிறேன், அடுத்து வருகிறவர் முதல் நாளையாவது மிச்சப்படுத்திக்கொள்ளட்டும்.

முதல் நாள் சொதப்பல் இது. 24 பிள்ளைகள், ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை. ஒரு கோல் போஸ்ட். நானும் நாமெல்லாம் சின்ன வயதில் பார்த்த மாதிரியே எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக வந்து அடி என்றேன். ஓடி வந்து அடித்து, பந்தை எடுத்துக்கொண்டு திரும்ப ஒரு பிள்ளைக்கு 20 நொடி. அப்படியென்றால் ஒரு சுற்று முடிய 8 நிமிடம். அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு நான்கு உதைகூட முழுசாகக் கிடைக்கவில்லை, மிச்ச நேரமெல்லாம் வரிசையின் பின்பக்கம் புல் பிடுங்கியது, சட்டையைப் பிடித்து இழுத்தது, ஒருவன் அழுதது. அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்துதான் எனக்கே வெட்கமாகிவிட்டது.

மறுநாள் போஸ்ட் பக்கமே போகவில்லை. இரண்டு கோனை மூன்றடி இடைவெளியில் வைத்தால் அது ஒரு வாசல். வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, ஆளுக்கு ஏழெட்டு அடி தள்ளி. வாசலுக்குள் பந்து போக வேண்டும், எதிரில் இருப்பவர் அதை நிறுத்தித் திருப்பி அடிக்க வேண்டும். பன்னிரண்டு ஜோடி, பன்னிரண்டு வாசல். பத்தே நிமிடத்தில் ஒவ்வொருவரும் நாற்பது தடவைக்குக் குறையாமல் உதைத்திருப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் உதைப்பதால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை என்பது எதிர்பாராத லாபம். நன்றாக வர வர ஆளுக்கு நான்கடி பின்னால் போகச் சொன்னேன், அவ்வளவுதான் என் வேலை.

உதைப்பதில் சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது, ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஏறும். நான் பிடித்துக்கொண்டது உதைக்கும் காலை அல்ல, ஊன்றும் காலை. அது பந்துக்குப் பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளி, நுனி பந்து போக வேண்டிய திசையைப் பார்த்து ஊன்ற வேண்டும். அது பந்துக்குப் பின்னால் தங்கிவிட்டால் உடம்பு பின்பக்கம் சாயும், பந்து வானத்துக்குப் போகும். பிள்ளைகள் அடிக்கும் பந்தெல்லாம் போஸ்டுக்கு மேலே போவதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். காலைப் பற்றி வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும், பந்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டைக் கோனை வைத்து "அதன் மேல் மிதித்துவிட்டு உதை" என்றேன். சரியாகிவிட்டது.

அடுத்தது கணுக்கால். பாதிப் பேர் கட்டைவிரலால்தான் குத்துகிறார்கள். வலிக்கும், பந்தும் எங்கு போகும் என்று அதற்கே தெரியாது. ஷூ லேஸ் இருக்கிற மேல்பாகம் படணும், விரல் நுனி கீழே பார்க்கணும், கணுக்கால் ஆடக் கூடாது. இதைப் பழக்க, பந்தைக் கையில் பிடித்து, கீழே விட்டு, தரையைத் தொடுமுன் லேஸில் தட்டித் திரும்பக் கையில் பிடிக்கச் சொல்லுங்கள். சரியாகப் பட்டால் 'டம்' என்று கனமாக ஒரு சத்தம் வரும், தப்பாகப் பட்டால் சொத்தென்று இருக்கும். பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்பச் செய்தார்கள், நான் திருத்தவே வேண்டியிருக்கவில்லை. கிட்டத்தில் நின்று இடம் பார்த்துப் போட உள்பாதம், தூரத்தில் இருந்து வேகமாக அடிக்க லேஸ், இதற்கு மேல் இந்த வயதுக்கு வேண்டாம். பத்து வயதுக்காரர் ஒருவர் 1997-இல் பிரான்சுக்கு எதிராகப் பிரேசிலின் ராபர்ட்டோ கார்லோஸ் அடித்த அந்த வளைந்த ஃப்ரீ கிக்கை வீடியோவில் பார்த்துவிட்டு வந்து, ஐந்து நாளும் பாதத்தின் வெளிப்பக்கத்தால் மட்டுமே உதைப்பேன் என்று நின்றார். நான் தடுக்கவில்லை. பந்து பொறுக்க மட்டும் அவரையே அனுப்பினேன்.

எங்கே அடிப்பது என்று கேட்டால் எல்லாரும் "மேல் மூலை" என்பார்கள். நான் தரையோடு, தூரத்துப் போஸ்ட் பக்கம் என்று சொன்னேன். காரணத்தையும் சொல்ல வேண்டும், சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. கோல்கீப்பருக்குக் குனிந்து தரையில் விழுவது கையைத் தூக்குவதைவிடக் கஷ்டம். அப்படியே தட்டிவிட்டாலும் தூரத்துப் பக்கம் போகும் பந்து மைதானத்துக்குள்ளேயே விழ வாய்ப்பு அதிகம், கூட ஓடி வருகிறவருக்கு இன்னொரு உதை கிடைக்கும். கிட்டத்துப் பக்கம் தட்டினால் பெரும்பாலும் வெளியே போய்விடும்.

இங்கே கோல் போஸ்ட் அளவு பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்கள் போஸ்ட் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அதில் எட்டு வயதுக் குழந்தையை நிறுத்தினால் தலைக்கு மேல் எதைத் தூக்கிப் போட்டாலும் கோல். ஆகவே மற்ற பிள்ளைகள் கற்றுக்கொள்வது தூக்கிப் போடுவதைத்தான். இங்கிலாந்தில் சிறுவர்களின் ஏழு பேர் ஆட்டத்துக்கு 12 அடிக்கு 6 அடி போஸ்ட் வைக்கிறார்கள். நமக்கு அது கிடைக்காவிட்டால் பெரிய போஸ்டுக்குள்ளேயே கோன் வைத்துக் குறுக்கிக்கொள்ளலாம், இடுப்புக்கு மேலே போனால் கோல் இல்லை என்று சொல்லிவிடலாம். பந்தும் அப்படித்தான். எட்டு வயதுக்குக் கீழ் 3-ஆம் எண் அளவு, அப்புறம் பன்னிரண்டு வரை 4-ஆம் எண். பெரியவர்களுக்கான 5-ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் எடை, சின்னக் கால் அதை உதைக்க உடம்பை முறுக்கிக்கொண்டு பழக்கத்தையே கெடுத்துக்கொள்ளும். போன தடவை யாரோ அன்போடு கொண்டுவந்த ஆறு பந்தும் 5-ஆம் எண்.

இனி என் சொந்த விஷயத்துக்கு வருகிறேன்: டிஃபென்ஸ்.

"யாருக்கு டிஃபென்ஸ் ஆட ஆசை?" என்று கேட்டேன். ஒரு கைகூட எழவில்லை. ஆடத் தெரியாதவர்களைப் பின்னால் நிறுத்துவது என்று நாமேதான் பழக்கி வைத்திருக்கிறோம். குள்ளமாக இருக்கிறேன் என்று தயங்கிய ஒரு பெண்ணிடம் ஃபாபியோ கன்னவாரோவைப் பற்றிச் சொன்னேன். டிஃபென்டருக்கு உயரம் குறைவு என்றே பேசப்பட்டவர், 2006-இல் உலகக் கோப்பை வென்ற இத்தாலி அணிக்குத் தலைவர், அதே வருடம் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் தோர் விருதும் வாங்கினார். கதை பிடித்தது, ஆனால் கதைக்காக யாரும் டிஃபென்ஸுக்கு வருவதில்லை. புள்ளிக்காக வருகிறார்கள்.

எனவே ஒரு ஆட்டம் வைத்தேன். சின்னக் கட்டம், ஒரு முனையில் குட்டி கோல். ஒருவர் பந்தோடு வருவார், ஒருவர் தடுப்பார். வருகிறவருக்கு எட்டு நொடி. கோல் போட்டால் அவருக்கு ஒரு புள்ளி. எட்டு நொடி வரை கோல் விழாமல் வைத்திருந்தால் தடுத்தவருக்கு ஒரு புள்ளி, பந்தைப் பறித்துக்கொண்டால் இரண்டு. சுற்றி நிற்கிற பிள்ளைகள் சத்தமாக நொடி எண்ணுவார்கள். இந்தக் கணக்கு ஒன்றுதான் கேம்பையே மாற்றியது. அதுவரை பந்து வைத்திருப்பவன் மேல் பாய்ந்து விழுந்துகொண்டிருந்தவர்கள், பாய்ந்தால் ஒரே தட்டில் தாண்டிப் போய்விடுகிறான், பாயாமல் முன்னால் நின்று எரிச்சலூட்டினாலே புள்ளி வருகிறது என்று தாங்களே கண்டுபிடித்தார்கள். பதறாத காரியம் சிதறாது என்று நான் சொல்லியிருந்தால் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

அப்புறம்தான் கொக்கு வந்தது. கொக்கு தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு குஞ்சு மீனுக்கும் துள்ளுவதில்லை, நின்று பார்க்கும், தன் மீன் வந்தால் ஒரே கொத்து. அதைப் போல முழங்காலை மடக்கி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கைநீட்டும் தூரத்தில் நில் என்றேன். நேராக நின்றால் கால் இடுக்கில் பந்தை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், பின்னால் திரும்பி ஓடவும் நேரமாகும். பக்கவாட்டில் நின்றால் எந்தப் பக்கம் அவர் போக வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம், அவருக்கு வராத காலின் பக்கமோ மைதானக் கோட்டின் பக்கமோ. கோடு பேசாத இன்னொரு டிஃபென்டர். கண் எங்கே? பந்தின் மேல். அவர் தோளைக் குலுக்குவார், காலைச் சுழற்றுவார், முகத்தில் ஏதாவது நடிப்பார், பந்து மட்டும் பொய் சொல்லாது.

கிட்டே போவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பந்து அவரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே வேகமாக ஓடிப் பாதித் தூரத்தைக் குறைக்கணும், கடைசி மூன்று நான்கு காலடிகளைச் சின்னச் சின்னதாக வைத்து வேகத்தைக் கொல்லணும். இந்தக் கடைசிப் பகுதிதான் பிள்ளைகளுக்கு வராது, வண்டி மாதிரி வந்து தாண்டிப் போய்விடுவார்கள். ஓடி வந்து கோனுக்கு முன்னால் நிற்கிற பழக்கத்தைத் தனியாகப் பத்துத் தடவை செய்யவைத்தேன்.

எப்போது கொத்துவது? பந்து அவர் காலை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போன நொடி. அல்லது அவர் தலையைக் குனிந்துகொண்டு பந்தையே பார்க்கும்போது. அல்லது முதுகைக் காட்டித் திரும்பும்போது, ஆனால் அப்போது முதுகில் இடிக்காமல் ஒட்டி நின்றாலே போதும். நான்காம் நாளில் நான் எதுவும் சொல்லாமலே சுற்றி நின்றவர்கள் "கொக்கு! கொக்கு!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள், பந்து வைத்திருந்தவனுக்கு அதிலேயே பாதி நடுக்கம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், கோலுக்கு அடிக்கிற ஷூட்டிங்கும் இங்கேதான் நிஜமாகத் தேறியது. வரிசையில் நின்று அழகாக அடித்தவன், எதிரில் ஒரு கொக்கு நின்றால் தடுமாறினான். எட்டு நொடி ஓடிக்கொண்டிருக்க, பந்தை அரை அடி பக்கவாட்டில் தள்ளி, வழி தெரிந்த கணத்தில் அடிக்கக் கற்றுக்கொண்டவர்கள்தான் கடைசி நாள் ஆட்டத்தில் கோல் போட்டார்கள். தடுப்பவரை முழுசாகத் தாண்ட வேண்டியதில்லை, பந்து போகும் அளவுக்கு வழி கிடைத்தால் போதும் என்பது அந்தக் கட்டத்தில் நின்றால்தான் தெரியும். ஆகவே என் யோசனை, இரண்டையும் தனித்தனி நாளாகப் பிரிக்காதீர்கள்.

ஒருவருக்கு ஒருவர் பழகியதும் இருவருக்கு இருவர். அங்கே ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: ஒருவர் பந்துக்குப் போனால் மற்றவர் அவருக்குச் சற்றுப் பின்னால், உள்பக்கமாக நிற்கணும், வாயைத் திறந்து பேசணும். "நான் போறேன்", "இடது பக்கம் தள்ளு". கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். வீட்டில் ஒரு நிமிடம் சும்மா இருக்காதவர்கள் மைதானத்தில் ஊமையாகிவிடுகிறார்கள்.

செய்யக் கூடாதவை. சறுக்கிப் பறிப்பதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டவர்களுக்கும் இல்லை. தலையால் முட்டுவதும் வேண்டாம். அமெரிக்காவில் பத்து வயதுக்காரர்களுக்கும் அதற்குக் கீழே உள்ளவர்களுக்கும் அதற்குத் தடை, இங்கிலாந்திலும் 2020 முதல் ஆரம்பப் பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் கூடாது என்று அறிவுறுத்திவிட்டார்கள். பந்தை உடம்பால் மறிக்கப் பழக்குகிறேன் என்று கிட்டத்தில் நிறுத்தி ஓங்கி அடிக்க வைக்காதீர்கள், ஒரு தடவை முகத்தில் பட்டால் அந்தப் பிள்ளை அப்புறம் எப்போதும் முதுகைத்தான் காட்டும். பத்து, பதினோரு வயதில் குதிகால் வலிக்கிறது என்று சொன்னால் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம், வளர்கிற வயதில் குதிகால் எலும்பில் வருகிற வலி அது, ஓட்டத்தைக் குறைக்கணும்.

ஒரு தப்பு என் தலையில்தான். மூன்றாம் நாள் நகர்த்தக்கூடிய போஸ்டைத் தரையில் ஊன்றிக் கட்டாமல் விட்டுவிட்டேன், ஒரு பையன் மேல் கம்பியில் தொங்க, அது முன்னால் சாய்ந்தது. பக்கத்தில் நின்ற அப்பா ஒருவர் தோளைக் கொடுத்துத் தாங்கிவிட்டார். போஸ்ட் சாய்ந்து குழந்தைகள் இறந்தே போயிருக்கிறார்கள், தெரிந்திருந்தும் விட்டேன். காலையில் முதல் வேலை போஸ்டைக் கட்டுவது, கோன் அடுக்குவதெல்லாம் அப்புறம்.

இன்னொன்று, ஓரத்தில் நிற்கிற அப்பா அம்மாக்களுக்கு. "அடி! அடி! அடிடா!" என்று நீங்கள் கத்துகிற நேரத்தில்தான் பிள்ளை நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கிறது. கைதட்டுங்கள், போதும். "முதலில் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட விடுங்கள், அப்போதுதான் ஒழுக்கம் வரும்" என்ற மூத்தவருக்கும் பதில் சொல்ல வேண்டும். அண்ணே, பந்தில்லாமல் ஓடுகிற பத்துச் சுற்றை விட, கொக்காட்டம் ஆறு தடவை ஆடினால் அதிகம் மூச்சு வாங்குகிறது, சந்தேகமிருந்தால் அடுத்த தடவை நீங்களே ஒரு பக்கம் நில்லுங்கள்.

அடுத்த கேம்புக்கு எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று மூன்று பேர் வேண்டும். ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எட்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும். கோன் நாற்பது என்னிடம் இருக்கிறது. 4-ஆம் எண் பந்து குறைந்தது பன்னிரண்டு வேண்டும், முழங்காலுக்குக் கீழே காலைக் காக்கிற ஷின் கார்டு அவரவர் கொண்டுவர வேண்டும். அப்புறம் பந்துக்குக் காற்றடிக்கிற ஊசியைக் கடைசி நாள் யாரோ பையில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள், தயவுசெய்து தேடிப் பாருங்கள்.