ஒரே தொட்டியில் கலந்து போடும் மறுசுழற்சிப் பொருள்களை நிலையம் எப்படிப் பிரிக்கிறது?

கேள்வி:
காகிதம், அட்டை, கண்ணாடி, தகரம், அலுமினியம், பலவகைப் பிளாஸ்டிக் என எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடலாம், நிலையத்தில் இயந்திரங்களே பிரித்துக்கொள்ளும் என்கிறார்கள். இரும்பைக் காந்தம் இழுக்கும் என்பது புரிகிறது. காந்தத்தில் ஒட்டாத அலுமினியத்தைப் பிரிப்பது எது? பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரு பிளாஸ்டிக் புட்டிகள் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை என்பதை இயந்திரம் எவ்வாறு அறிகிறது? பிளாஸ்டிக் பைகளை மட்டும் அந்தத் தொட்டியில் போடவே கூடாது என்று வலியுறுத்துவதற்குக் காரணம் என்ன? துறை சார்ந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இயந்திரப் பராமரிப்பில் பணியாற்றியவன் என்பதால் உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்நிலையங்களைப் பற்றி எழுதுபவர்கள் கேமராவையும் ரோபோவையும் வியக்கிறார்கள். என் கருத்தில் நிலையத்தின் உயிர்நாடி வட்டுச் சல்லடைதான்.

லாரி கொட்டும் குவியல் கன்வேயர் பட்டையில் சீராகப் பரப்பப்பட்டதும், அதன் இருபுறமும் நிற்கும் பணியாளர்கள் துணி, ரப்பர் குழாய், எரிவாயு உருளை போன்ற ஆபத்தான பொருள்களையும் நீளமான பொருள்களையும் கையால் எடுத்துவிடுவார்கள். அடுத்து வரும் சல்லடையில், வரிசையாக அமைந்த தண்டுகளில் பொருத்தப்பட்ட வட்டுகள் இடைவிடாமல் சுழல்கின்றன. பெரிய அட்டைகள் அவற்றின் மேலேயே மிதந்து கடந்துவிட, சிறியவை இடைவெளிகளின் வழியே கீழே விழுகின்றன. கண்ணாடி உடைந்து சில்லுகளாக அடியில் சேர்கிறது. பின்னர் வரும் சாய்வான சல்லடையில் தட்டையான காகிதம் மேலேறிச் செல்கிறது. புட்டியும் டப்பாவும் உருண்டு கீழே திரும்புகின்றன. அதாவது, இந்தக் கட்டம் வரை எந்த இயந்திரமும் ஒரு பொருள் எதனால் ஆனது என்று பார்ப்பதே இல்லை. அளவையும் வடிவத்தையும் மட்டுமே பார்க்கிறது. கலந்து சேகரிக்கும் இடங்களில் புட்டியைத் தட்டையாக நசுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்: நசுங்கிய புட்டி காகிதத்தோடு போய்விடும்.

பிளாஸ்டிக் பை இங்கேதான் கேடு செய்கிறது. அது கிழிந்து, நீண்டு, சுழலும் தண்டுகளில் சுற்றிக்கொள்கிறது. இடைவெளிகள் அடைபடுவதால் விழ வேண்டியவை விழாமல், காகிதத்தோடு கலந்து போகின்றன. அப்போது நிலையம் முழுவதையும் நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிய பிறகு, ஆட்கள் சல்லடைக்குள் இறங்கிக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். கடினமான, காயம்படும் வாய்ப்புள்ள வேலை அது. பொருள்களைப் பையில் கட்டிப் போடுபவர்கள் இதை அறிந்தால் கட்டாயம் அவிழ்த்துப் போடுவார்கள் என்று நம்புகிறேன்.

மறுமொழி 2:
மற்ற இரு கேள்விகளுக்கு என் விளக்கம்.

அலுமினியத்தைப் பிரிப்பது சுழல் மின்னோட்டம். பட்டையின் முனையிலுள்ள உருளைக்குள் வட, தென் துருவங்கள் மாறி மாறி அமைந்த காந்தங்கள் மிக வேகமாகச் சுழல்கின்றன. அவ்வாறு மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் அலுமினியத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம் முதற்புலத்தை எதிர்ப்பதால், டப்பா முன்னோக்கித் தள்ளப்பட்டுத் தடுப்புக்கு அப்பால் விழுகிறது. பிளாஸ்டிக்கோ அப்படியே நேர்கீழே விழுகிறது. இரும்பை இதற்கு முன்பே காந்தத்தால் அகற்றிவிட வேண்டும். இல்லையெனில் அது உருளையில் ஒட்டிச் சூடேறிச் சேதம் விளைவிக்கும்.

பிளாஸ்டிக் வகைகளை அறிவது அண்மை அகச்சிவப்பு ஒளி. ஒவ்வொரு வகைப் பிளாஸ்டிக்கும் அந்த ஒளியில் தனக்கே உரிய அலைநீளங்களை உட்கவர்கிறது. எஞ்சித் திரும்பும் ஒளியை உணரி படித்து, இது பெட் (PET, தண்ணீர்ப் புட்டிகள் செய்யும் பிளாஸ்டிக்), இது பாலிஎதிலீன், இது பாலிபுரோப்பிலீன் என்று தீர்மானிக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்தில் ஓடும் பட்டையில் அந்தப் பொருள் முனையை எட்டும் கணத்தைக் கணினி கணித்து, அதற்கு நேரேயுள்ள காற்றுத்துளையை மட்டும் சில மில்லிநொடிகள் திறந்து, அழுத்தக் காற்றால் பொருளை வேறு பாதைக்கு வீசுகிறது. இம்முறைக்கு எல்லைகள் உண்டு. கார்பன் கருமையால் நிறமேற்றிய பிளாஸ்டிக் ஒளியை விழுங்கிவிடுவதால், வழக்கமான உணரிக்கு அதன் வகை புலப்படாது. புட்டி முழுவதையும் போர்த்திய உறை இருந்தால், உணரி படிப்பது உறையைத்தான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இவ்வளவுக்குப் பிறகும் இறுதியில் ஆட்கள் நிற்பது எதற்கு? புட்டியின் மூடியைத் தனியாகக் கழற்றிப் போட வேண்டுமா?

மறுமொழி 3:
பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் உணரி தவறும். காற்று பக்கத்துப் பொருளையும் சேர்த்து வீசிவிடும். அதனால் பொதியாகக் கட்டுவதற்கு முன் மனிதரோ, உறிஞ்சு குமிழ் பொருத்திய ரோபோவோ இறுதியாகச் சரிபார்க்கிறார்கள். பெட் பொதியில் பிவிசி சிறிதளவு கலந்தாலும், உருக்கும்போது அதிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடு பெட்டைச் சிதைத்துவிடும் என்பதால் இந்தச் சரிபார்ப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது.

மூடியைக் கழற்றாமல் புட்டியிலேயே திருகி விடுங்கள் என்பது பல இடங்களில் சொல்லப்படும் அறிவுரை. தனி மூடி சிறியது என்பதால் சல்லடையில் விழுந்து கண்ணாடிச் சில்லுகளோடு சேர்ந்துவிடும். புட்டியோடு போனால், மறுசுழற்சி ஆலையில் அரைத்து நீரில் இடும்போது, மூடித்துண்டுகள் மிதக்கும், நீரைவிட அடர்த்தி மிகுந்த பெட் மூழ்கும். அங்கே பிரிப்பது எளிது.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். லித்தியம் மின்கலத்தை, அது பொம்மைக்குள்ளோ பழைய கைபேசிக்குள்ளோ இருந்தாலும், இந்தத் தொட்டியில் ஒருபோதும் போடாதீர்கள். ஏற்றும் இயந்திரத்திலோ பொதி கட்டும் அழுத்தியிலோ நசுங்கினால் அது தீப்பிடிக்கும். சுற்றிலும் இருப்பது உலர்ந்த காகிதமும் பிளாஸ்டிக்கும். மின்கலங்களுக்கெனத் தனிச் சேகரிப்பு இருந்தால் அங்கேயே கொண்டுசேர்த்துவிடுங்கள்.