விடியற்காலைச் சிறுநீரும் சி5 ஊசியும்: என் தம்பியின் பி.என்.எச். அனுபவம்

நாங்கள் பாலக்கோடு பக்கம். என் தம்பிக்கு 28 வயதில், விடியற்காலைச் சிறுநீர் மட்டும் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போகத் தொடங்கியது, மதியத்துக்குள் தெளிந்துவிடும். கண்ணும் மஞ்சளித்திருந்ததால் காமாலை என்று நம்பி, கீழாநெல்லியும் பத்தியமுமாக ஓராண்டை இழந்தோம். பிறகு பெங்களூரில் ஒரு ரத்தநோய் மருத்துவர், காலை, மதியம், இரவுச் சிறுநீரைத் தனித்தனி பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, மூன்றையும் சன்னலோரம் வரிசையாக வைத்துப் பார்த்தார். ரத்தச் செல்களின் மேலுள்ள புரதங்களை ஆராயும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனையில், சிவப்பணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடையும் அரிய நோயான பி.என்.எச். (Paroxysmal Nocturnal Hemoglobinuria) உறுதியானது.

கிருமிகளைத் துளைத்து அழிப்பதற்காக ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் புரதங்கள் இருக்கின்றன. அவை நம் செல்களையே தாக்கிவிடாமல் சிடி55, சிடி59 என்ற புரதங்கள் காக்கின்றன. தம்பியின் எலும்பு மஜ்ஜையில் ஒரு மரபணு பிறந்த பிறகு பழுதுபட்டதால், அந்தக் காவல் இல்லாத சிவப்பணுக்கள் உருவாகி, துளைபட்டு உடைந்தன. அவற்றிலிருந்து வெளியேறிய நிறமிதான் சிறுநீரைக் கருக்கியது. தம்பிக்குப் போட்ட எக்குலிசுமாப் ஊசி, காம்ப்ளிமென்ட் புரதங்களில் ஒன்றான சி5-ஐப் பற்றிக்கொள்வதால், துளையிடும் கடைசிக் கட்டம் நடப்பதில்லை. பி.என்.எச். நோய்க்கு 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இதே மருந்து, 2017இல் தசைகள் தளரும் தன்னெதிர்ப்பு நோயான மயஸ்தீனியா கிராவிஸுக்கும் அனுமதி பெற்றது.

விலை எங்கள் நிலத்தை விற்றாலும் எட்டாதது. மருந்து ஆய்வு ஒன்றில் சேர்த்துக்கொண்டதால்தான் கிடைத்தது. முதலில் வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றினார்கள். மூன்றாவது வாரம் ஒரு விடியலில், "அக்கா, வந்து பாருங்கள்" என்று தம்பி கூப்பிட்டுக் காட்டிய பாட்டிலில் இருந்தது வெறும் வைக்கோல் நிறம். நான் அழுதுவிட்டேன். ஆனாலும் இது நோயை வேரோடு எடுக்கும் மருந்தன்று. சி3 என்ற இன்னொரு காம்ப்ளிமென்ட் புரதம் படிந்த சிவப்பணுக்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் அழிவது தொடர்வதால், சோகை சிறிது இன்னும் இருக்கிறது.

இந்த மருந்தைத் தொடங்கவிருக்கும் குடும்பங்கள் ஒன்றை மறக்கவே கூடாது. சி5 தடைபட்டால் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமியை எதிர்க்கும் வலிமை குறைந்துவிடும். அதனால் முதல் ஊசிக்கு இரண்டு வாரம் முன்பே தடுப்பூசி போட்டார்கள். போட்டிருந்தாலும் ஆபத்து முழுதாக நீங்காது என்று எச்சரிக்கை அட்டை ஒன்றையும் கொடுத்தார்கள். சென்ற ஆடியில் இரவு பதினொரு மணிக்குத் தம்பிக்கு 102 டிகிரி காய்ச்சல் வந்தபோது, விடியட்டும் என்று காத்திராமல் தருமபுரிக்குக் கார் பிடித்தோம். அட்டையைப் படித்த பணி மருத்துவர், ரத்தம் எடுத்த கையோடு, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக் ஏற்றினார். மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். அட்டை இப்போதும் அவன் சட்டைப்பையில்தான் இருக்கிறது.