முன் சக்கரத்தில் 'டொக்' சத்தம், நட்டும் கழலவில்லை
கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறேன், பழைய சின்ன பெட்ரோல் கார். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது முன் சக்கரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம், ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினால் ஒன்றும் இல்லை, சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையும் (பூட்) கிழியவில்லை, அதனால் அந்த மூட்டு, அதாவது சிவி ஜாயின்ட், காரணம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். மெக்கானிக் ஓட்டிக்கூடப் பார்க்காமல் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். எனக்கென்னவோ ஸ்டெபிலைசர் லிங்க் (திருப்பத்தில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பியை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்ன தண்டு) மேல்தான் சந்தேகம், கையால் பிடித்தாலே ஆடுகிறது.

சரி, வீட்டிலேயே மாற்றலாம் என்று பார்த்தால் உப்புக்காற்றில் நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது, ஸ்பேனர் போட்டால் போல்ட்டும் சேர்ந்து சுற்றுகிறது, ஆலன் கீ போடும் குழியும் தேய்ந்துவிட்டது. அறுத்துத்தான் எடுக்கணுமா? அப்புறம், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா, ஜோடியாக மாற்றணுமா? ஸ்டாண்ட் இருக்கிறது, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க மாட்டேன்.