புதுப்பிப்பு: தெருக்கடைக் கணக்கில் ஒரு திருத்தம்

தெருவோரத்தில் புதிதாகக் கடை போடும் இளைஞர்கள் கொள்முதல் விலைமேல் 25 சதவீதம் ஏற்றி விற்றால் போதும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது பாதிக் கணக்குதான்.

ஒன்று 4 ரூபாய் வீதம் 50 உருப்படி எடுத்தால் போட்ட முதல் 200 ரூபாய். ஒன்றை 5க்கு விற்றால், 40 விற்ற பிறகுதான் போட்ட முதல் கைக்கு வரும். கடைசிப் பத்துதான் லாபம். அந்தப் பத்தையும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டால் 50 லாபம் 25 ஆகிவிடும். மழையில் நனைந்து வீணானால் ஒன்றுமே மிஞ்சாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சரக்கை அள்ளிப்போடுவது இதனால்தான் ஆபத்து. இரண்டு வாரம் தினமும் விற்காமல் மிஞ்சிய சரக்கை எழுதிவையுங்கள். கொள்முதலை அதைப் பார்த்துக் குறையுங்கள்.

தினத் தவணைக் கடன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 100 ரூபாய் கடனில் 10 பிடித்துக்கொண்டு 90 தருகிறார்கள். நாளுக்கு 1 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பத்து சதவீத வட்டி போலத் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் சராசரியாக உங்களிடம் இருப்பது சுமார் 45தான். ஆண்டுக் கணக்கில் வட்டி 80 சதவீதத்தைத் தொடும். விற்பனை இல்லாத நாளிலும் தவணை நிற்காது. தயவுசெய்து முதல் மாதத்திலேயே இதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்யும் இடமென்றால், பாதியை மட்டும் கடையில் வைத்து மீதியை வேறிடத்தில் வையுங்கள். எடுத்துப்போனால் உருப்படி, எண்ணிக்கை எழுதிய கையொப்பச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.