நீட் திரும்ப எழுதுபவர் பி.எஸ்சி. சேரலாமா?

கேள்வி: தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டாள். அடுத்த வருடமும் நீட் எழுதுகிறாள். அதோடு சேர்த்துப் படிக்கச் சென்னையில் பி.எஸ்சி. விலங்கியல், பிசியோதெரபி, எது ஒத்துவரும்?

பதில் 1: விலங்கியல் நீட்டுக்குக் கைகொடுக்கும் என்று நம்பிச் சேர்க்காதீர்கள். நீட் பாடம் முழுக்க 11, 12-ஆம் வகுப்புதான். கல்லூரி முதலாண்டில் முதுகெலும்பற்ற உயிரினங்கள் ஓடிக்கொண்டிருக்கும். நீட்டின் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 360. மீதிப் பாதி இயற்பியலும் வேதியியலும். பலர் சறுக்குவது இயற்பியலில், அதற்கு விலங்கியல் வகுப்பில் இடமே இல்லை. தெரிந்த கேள்விக்குத் தப்பாகக் குறித்தால் போவது 4 அல்ல, 5 மதிப்பெண்: கிடைக்க வேண்டிய 4-ம் போய், தவறுக்கு 1-ம் கழியும்.

பதில் 2: தேதிகளையும் பாருங்கள் தம்பி. நீட் வழக்கமாக மே முதல் ஞாயிறு. இரண்டாம் செமஸ்டர் தேர்வும் அதையொட்டியே வரும். 75 சதவீத வருகை வேறு. மதியத்தோடு முடியும் காலை ஷிஃப்ட் கிடைத்தால் சமாளிக்கலாம். பிசியோதெரபி முழுநாள் படிப்பு. அதையே தொழிலாக்க மனமிருந்தால் மட்டும் சேருங்கள்.

பதில் 3: மருத்துவக் கலந்தாய்வில் அசல் சான்றிதழ் கேட்பார்கள். மார்க் ஷீட்டும் டி.சி.யும் கல்லூரியில் இருந்தால், அங்கே படிக்கிறாள் என்று காட்டும் போனஃபைடு சான்றிதழை முன்கூட்டியே வாங்குங்கள். இடம் ஒதுக்கியபின் சேர்வதற்குச் சில நாட்கள்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியா? 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குப் பள்ளிச் சான்றையும் இப்போதே எடுத்துவிடுங்கள்.