பரோல் மனுவும் வீட்டு விசாரணையும்: உங்கள் அனுபவம் என்ன?

உசிலம்பட்டி அக்கா

என் தம்பி ஆயுள் தண்டனைக் கைதி. மதுரை மத்திய சிறையில் இருக்கிறான். அவன் செய்ததற்கு நான் நியாயம் பேச வரவில்லை. சிறை இருக்கிற அரசரடியில் கைதிகளைப் பார்க்க வந்து நிற்கிற குடும்பங்களில் பாதிப் பேருக்கு, லீவு, அதாவது பரோல் கேட்டால் அடுத்து என்ன நடக்கும் என்றே தெரியவில்லை. அவர்களுக்காக எழுதுகிறேன்.

நம் மாநிலத்தில் இதற்கு 1982ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இருக்கின்றன. அதில் லீவு இரண்டு வகை. பெற்றோர், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் இறந்துவிட்டாலோ, உடம்புக்கு ரொம்ப முடியாமல் கிடந்தாலோ கேட்பது அவசர விடுப்பு. உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் கல்யாணத்துக்கும் அதைக் கேட்கலாம். இன்னொன்று சாதாரண விடுப்பு. அது மூன்று வருடம் உள்ளே இருந்தவர்களுக்குத்தான். அதைக் கொடுப்பவர் சிறைத்துறை டி.ஐ.ஜி. அதற்கான காரணங்களும் விதியிலேயே இருக்கின்றன: பிள்ளைகளைப் பள்ளி, கல்லூரியில் சேர்க்க, வீடு கட்ட அல்லது பழுது பார்க்க, விதைப்பு, அறுப்பு போன்ற விவசாய வேலைக்கு, குடும்பத் தகராறு தீர்க்க. முதல் தடவை நாங்கள் "அம்மா பார்க்க ஆசைப்படுகிறார்" என்று எழுதிக் கொடுத்தோம். பெத்த மனசுக்கு அதைவிடப் பெரிய காரணம் இல்லை, ஆனால் மனு நிற்கவில்லை. அடுத்த தடவை, மழையில் விழுந்த சுவரைப் போட்டோ எடுத்து, வீட்டு வரி ரசீதோடு சேர்த்து, வீடு பழுது என்று எழுதிக் கொடுத்தோம்.

அப்புறம் மனுவை விசாரித்து அறிக்கை எழுத நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்தார். என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம், "வந்தால் எங்கே படுப்பான்? யார் சோறு போடுவது? யார் பொறுப்பு?" என்று வரிசையாகக் கேட்டார். அம்மா விழுந்த சுவரைக் காட்டி, "இதுக்குப் பக்கத்துலதான்யா நான் படுக்கிறேன்" என்றார். அவர் எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். எதிர்வீட்டுக்காரரிடமும் கேட்டார். அவர், "வரட்டும் சார், ஆனா டீக்கடைப் பக்கம் கூட்டம் சேர்க்கக் கூடாது" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் எங்களுக்குச் சாதகமாகத்தான் எழுதினார். ஆனால் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து "சட்டம் ஒழுங்கு பிரச்சினை வரும்" என்று ஒற்றை வரி போனது. மனு தள்ளுபடி. என்ன பிரச்சினை, யாரால் வரும் என்று ஒரு வார்த்தை இல்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனோம். காரணம் சொல்லி மறுபடி பரிசீலிக்கச் சொன்னார்கள். அதன் பிறகுதான் கிடைத்தது, வழிக்காவலோடு. சுவர் எழும்பியது. சொன்ன தேதிக்குத் திரும்பிப் போனான்.

மேலூர் பக்கத்துக்காரன்

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் மறுபக்கம். எங்கள் சித்தப்பாவைக் கொலையில் பறிகொடுத்த குடும்பம்.

அந்த ஆள் லீவில் வந்தது எங்களுக்கு யாரும் சொல்லித் தெரியவில்லை. சித்தி ரேஷன் கடை வரிசையில் நின்றபோது அவனை எதிரில் பார்த்திருக்கிறார். அரிசிப் பையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி முழுக்க யாரும் தூங்கவில்லை. லீவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அவனுக்கும் வயசான அப்பா இருக்கிறார், அவருக்கு முடியவில்லை என்பதும் உண்மை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற அந்தக் கேள்விகளில் ஒன்றையாவது எங்கள் வீட்டிலும் வந்து கேட்டிருக்க வேண்டும். "இந்தத் தேதியில் வருகிறான்" என்று ஒரு தகவலாவது சொல்லியிருக்கலாம்.

பிறகு, அவன் எங்கள் தெருப் பக்கம் வரக் கூடாது, வேறு ஊரில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் தங்கட்டும் என்று சிறைக்கும் காவல் துறைக்கும் எழுதிக் கொடுத்தோம். அடுத்த லீவில் அவன் அவனுடைய அக்கா ஊரில்தான் தங்கினான். எங்களைப் போன்ற குடும்பங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பயப்படாதீர்கள், அது உங்கள் உரிமை.

சட்ட உதவித் தன்னார்வலர், மதுரை

இரண்டு பேர் சொல்வதும் சரி. "சட்டம் ஒழுங்கு" என்ற ஒற்றை வரி இரண்டு தரப்புக்கும் அநியாயம். சித்தியின் பயம் அந்த அறிக்கையில் விவரமாக இருந்திருந்தால், தங்குகிற இடத்தை முதலிலேயே மாற்றியிருப்பார்கள். அக்காவின் மனுவும் காரணம் தெரியாமல் விழுந்திருக்காது.

சில விஷயங்கள் மட்டும் சேர்க்கிறேன். தள்ளுபடி உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக "இல்லை" என்றால் கோர்ட்டில் காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. வக்கீல் வைக்கக் காசு இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது, காவலில் இருப்பதே தகுதி. விதியில் இடமில்லை என்று சொன்னாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். 40ஆம் விதிப்படி அரசு விலக்கு அளிக்கலாம். 2019இல் ராஜீவ் காந்தி கொலை வழக்கின் நளினி தானே நேரில் வாதாடி, மகள் கல்யாண ஏற்பாட்டுக்காக 30 நாள் வாங்கியது உயர் நீதிமன்றத்தில்தான்.

இன்னொன்று, பல குடும்பங்களுக்கு இது கடைசியில்தான் தெரிய வருகிறது. 14 வருடம் முடிந்ததா என்று முன்விடுதலைக்கு (தண்டனை முடியும் முன்பே விடுவிப்பதற்கு) கணக்குப் பார்க்கும்போது பரோலில் இருந்த நாட்களைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்று 2023இல் கோவா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திரும்ப வேண்டிய நாளில் பஸ்ஸை நம்பிச் சாயங்காலம் கிளம்பாதீர்கள். காலையிலேயே அரசரடிக்கு வந்துவிடுங்கள். தாமதமானால் அடுத்த மனுவில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

உசிலம்பட்டி அக்கா

மேலூர் தம்பி, சித்தி இப்போது எப்படி இருக்கிறார்கள்? எங்கள் வழக்கிலும் உங்களைப் போலப் பாதிக்கப்பட்ட ஒரு வீடு இருக்கிறது. அடுத்த மனு போடும்போது, தம்பியை எங்கள் ஊரில் இல்லாமல் திருமங்கலத்தில் என் வீட்டில் தங்க வைக்கிறேன் என்று நாங்களே எழுதிக் கொடுக்கிறோம். அம்மாவை அங்கே கூட்டி வந்துவிடுகிறேன்.